எத்தனை குளியல் போதும்

என்னிடம் இரண்டு குணங்கள் உண்டு. எதையும் நோண்டி நோண்டிக் கேட்பேன். சுருக்கென்று கோபமும் வரும். "ஊரான் வீட்டு விஷயம் உனக்கெதுக்குடி?" என்று சின்ன வயதில் அம்மாவிடம் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்! ஊரான் வீட்டு விஷயத்தைக் கேட்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் தெரிந்தபோது விடுவேனா? சென்னையில் உளவியல் படித்தேன். ஒரு மனநல மருத்துவமனையில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் காஞ்சிபுரத்துக்கே திரும்பி வந்தேன்.

ஒரு நர்சிங் ஹோமின் மாடியில் புதனும் சனியும் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் கிடையாது. இருந்தாலும் எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். இல்லை இல்லை என்று திருத்தி, அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பரீட்சைக்கு முதல் நாள் வயிற்றுவலி வருகிற பிள்ளைகள், ஏனாத்தூர் ஹாஸ்டலில் சேர்ந்த வாரமே அழத் தொடங்கிய பெண், மனைவிமேல் சந்தேகம் பிடித்துத் தூக்கத்தைத் தொலைத்த ஜரிகை வியாபாரி, நாலு வயதாகியும் பேச்சு வராத குழந்தை, எல்லாரும் அந்த ஒரே அறைக்குத்தான் வந்தாக வேண்டும். பெரிய ஊர்களில் இதற்கெல்லாம் தனித்தனி ஆள் இருந்தார்கள். இங்கே நான் ஒருத்திதான். "பேசியே சொஸ்தம் பண்ணிடுவாங்களாம்பா" என்று கீழே மருந்துக்கடையில் சிரித்துக்கொள்வது படியேறும்போது என் காதிலும் விழும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் தாத்தா ஓரிக்கைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அப்பா பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற காலனிக் குடும்பம். டவுன் பஸ்ஸில் ஏறாதவர்கள் ஊரில் யார்? அதனால் நான் யார் வீட்டுப் பெண் என்பது ஊருக்கே தெரியும்.

ஒரு புதன்கிழமை சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் தன் மனைவியை அழைத்து வந்தார். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அவளுக்கு முப்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. மறுபடியும் சொன்னேன். புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எதன் மேலும் பட்டுவிடாமல் அறையின் நட்டநடுவில் நின்றாள்.

வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, அந்தம்மா வந்ததுலேர்ந்து நின்னுக்கினே இருக்குது. சேர்ல முள்ளா கீது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு உள்ளே கொதித்தது. பத்து வருஷம் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் என் அறை நாற்காலியில் இவர்கள் உட்கார மாட்டார்களாமா? அப்படி என்ன திமிர்? முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் பயிற்சி. ஆனால் நான் நோட்டில் பேனாவை அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்துவிட்டது.

கணவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். "தப்பா நெனச்சுக்காதீங்கோ மேடம்," என்றார். "ஆத்துலயும் இவ எதுலயும் உட்கார மாட்டா. என் நாற்காலில கூட. பாய்ல படுத்தே நாலஞ்சு மாசமாறது. செவுத்துல சாஞ்சுண்டே தூங்கறா."

என் கோபம் அசடு வழிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன்.

வெளியே போய் வந்த உடம்பும் துணியும் அவர்கள் வீட்டில் 'விழுப்பு'. கால் அலம்பி, துணி மாற்றி, தேவைப்பட்டால் குளித்த பிறகுதான் சமையலறைப் பக்கம் போகலாம். இதெல்லாம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் இவளுக்கு மகள் பிறந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் ஒரு குளியல். பால் பாக்கெட்டைத் தொட்டால் ஒன்று. குளித்துவிட்டு வரும்போது ஈரக்கால் எங்கே பட்டதோ என்று சந்தேகம் வந்தால் இன்னொன்று. "அவளை மாதிரி ஆசாரம் உண்டா!" என்று தெருவே மெச்சியது. மெச்ச மெச்ச அவள் கையெல்லாம் வெடித்துப் புண்ணாகிக்கொண்டிருந்தது.

மகள் எல்.கே.ஜி. சேர்ந்ததும் கதை முடிந்தது. பள்ளியில் யார் யார் மேலோ பட்டுவிட்டு வருகிற குழந்தை. மூன்று தடவை குளிப்பாட்டினாலும் இவளுக்குத் திருப்தி வரவில்லை. கடைசியில் தொடுவதையே விட்டுவிட்டாள். பாட்டிதான் குழந்தைக்குச் சோறு ஊட்டினாள், தலை வாரினாள், பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். இவள் சமையலறைக் கதவோரமாக நின்று பார்ப்பாள். ஒரு நாள் வாசற்படியில் குழந்தை தடுக்கி விழுந்து நெற்றியில் ரத்தம் கொட்டியது. அம்மா இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினாளே தவிர, ஓர் அடி முன்னால் வைக்க முடியவில்லை. தெருவில் போன பூக்காரப் பெண்தான் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் டாக்டர்," என்றாள் அவள், நின்றபடியே. அப்போதுதான் முதல் முறையாக அவள் குரலைக் கேட்டேன். "என் கொழந்தைய நான் தூக்கணும்."

வியாதியின் பெயர் எனக்குத் தெரியும். சிகிச்சையும் தெரியும். பயப்படுகிற பொருளைத் தொட வைப்பது, தொட்ட பிறகு கழுவ விடாமல் கூடவே உட்கார்ந்திருப்பது. பதற்றம் ஜிவ்வென்று ஏறும். ஏறியபடியே இருக்காது, தானாக இறங்கும். ஆனால் புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்று இருந்தது. எத்தனை குளியல் வரைக்கும் ஆசாரம், எதற்குமேல் வியாதி? அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தெருவில் பிறக்கவில்லையே. அடுத்த வாரம் மாமியாரை வரச் சொன்னேன்.

நான் என்ன கேட்கப்போகிறேனோ என்று அந்த அம்மாள் முதலில் விறைப்பாக இருந்தார். பிறகு என் ஆர்வத்தைப் பார்த்து உற்சாகமாகிவிட்டார். பள்ளியிலிருந்து வந்தால் என்ன, பிரயாணம் போய் வந்தால் என்ன, சாவு வீட்டுக்குப் போனால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். "கொழந்தை ஸ்கூல்லேர்ந்து வந்தா கால அலம்பி, கவுன மாத்தினாப் போறும். பெரியவாளுக்கு ஒரு தரம் குளிச்சாப் போறும்," என்றார். எதைச் சொன்னாலும் முடிவில் 'போறும்' வந்தது. மருமகளிடம் எத்தனை மணி நேரம் பேசினாலும் வராதது அந்த ஒரு சொல்தான். சரி, 'போறும்' வரைக்கும் அவர்கள் வழக்கம், அதற்கு அப்பால் என் வேலை என்று எல்லை போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு என் சாமர்த்தியத்தில் பெருமைகூட இருந்தது.

அவளையே ஒரு பட்டியல் எழுதச் சொன்னேன். பயமுறுத்துகிற ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை மார்க் என்று அவளே போட வேண்டும். தாழ்ப்பாள் இருபது. பால் பாக்கெட் முப்பத்தைந்து. பஸ் கம்பி ஐம்பது. குழந்தையின் பள்ளிப் பை எழுபது. கடைசி வரி: ஸ்கூலிலிருந்து வந்த கொழந்தை, நூறு.

தாழ்ப்பாளில் ஆரம்பித்தோம். தொட்டுவிட்டுக் கையைத் தனக்குச் சொந்தமில்லாதது மாதிரி தள்ளிப் பிடித்தபடி நடுங்கினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் கேட்பேன், இப்போ எத்தனை? காகிதத்தில் இருபது போட்டவள் அறுபது என்றாள். அறுபத்தைந்து. ஐம்பது. அரை மணி நேரம் கழித்துப் பதினைந்து.

"எப்படி டாக்டர் எறங்கித்து? நான் ஒண்ணுமே பண்ணலையே!" என்றாள். அவள் கண்ணில் பயம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. அடேயப்பா, இவளும் என் ஜாதிதான், நோண்டிப் பார்க்கிற ஜாதி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

வாரங்கள் ஓடின. பால் பாக்கெட் போயிற்று. பஸ் கம்பி போயிற்று. பள்ளிப் பை ஒரே நாளில் போகவில்லை. மூன்று வாரம் இழுத்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதபோது குழந்தையையும் அழைத்து வருவாள். அம்மா ஒரு மூலையில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, குழந்தை என் மடியில் ஏறிக்கொண்டு வாட்ச்சைக் கழற்றி விளையாடும்.

கடைசி வரிக்கு ஒரு சனிக்கிழமை குறித்தோம். பள்ளி விட்டதும் கணவர் குழந்தையைச் சீருடையோடு நேராக இங்கே கூட்டி வர வேண்டும். அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. கதவு திறந்தது. குழந்தை உள்ளே ஓடிவந்து, அம்மாவைத் தாண்டி, வந்த வேகத்தில் என் மடியில் ஏறிக்கொண்டது. சாக்பீஸ் தூளும் வியர்வையுமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் ஓடக் கூடாது என்று நாலு வயதுக்குள் அது படித்து முடித்திருந்தது.

"பாப்பா, அம்மாகிட்ட போடா," என்றேன்.

"மாட்டேன். நான் விழுப்பு," என்றது குழந்தை.

அவள் எழுந்தாள். நேராக வந்து குனிந்து, குழந்தையின் முதுகுக்கும் என் கைக்கும் நடுவே கையை விட்டு, என் மடியிலிருந்து வாரி எடுத்துக்கொண்டாள். அவள் புறங்கை என் விரல்களின் மேல் உரசியது. குழந்தை கட்டை மாதிரி விறைத்திருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அதற்குத் தெரியவில்லை. "எத்தனை?" என்று கேட்டேன். "நூறு," என்றாள். பத்து நிமிஷம் கழித்தும் நூறு. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். விடவில்லை. ஒன்றே கால் மணி நேரத்துக்குப் பிறகு நாற்பது என்றபோது குழந்தை அவள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. கணவர் வாசலில் நின்று சத்தமில்லாமல் அழுதார்.

அடுத்த சனிக்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மாடியேறி வந்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாரக் கணக்கெழுதிய காகிதத்தை நீட்டினாள். எதையும் விடாமல் எழுதச் சொல்லியிருந்தேன். குழந்தையைத் தூக்கிய தடவைகளுக்கு எண்ண முடியாதபடி கோடுகள். அதற்காகக் குளித்தது பூஜ்யம். ஆனால் போன சனிக்கிழமைக்கு நேரே மட்டும் ஒன்று என்று இருந்தது.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"அது கொழந்தைக்காக இல்ல டாக்டர்," என்றாள், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "அவளத் தூக்கறச்சே உங்க கை பட்டுது. அதுக்கு. எல்லா வாரமும் இங்கேர்ந்து போனா ஒண்ணு உண்டு. அது வியாதில சேராதுன்னு எழுதாம விட்டுண்டிருந்தேன்."

என் முகம் சுட்டது. இத்தனை வாரமாகவா? கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை சனிக்கிழமையுமா? எனக்கு வலித்தது. ஆனால் நான் போட்ட எல்லைப்படி அவள் சொன்னது சரி. ஒரு தரம் குளித்தாள். போதும் என்று நிறுத்திவிட்டாள். மாமியாரின் கணக்கில் அது வழக்கம். ஒரு தெருவே செய்வதை வியாதி என்று எழுத எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஃபைலை மூடினேன். "சரிதாம்மா. அது வியாதி இல்ல. உங்களுக்குக் குணமாயிடுச்சு. இனிமே நீங்க வர வேண்டாம்," என்றேன். என் குரலில் பாதி படிப்பு, பாதி கோபம்.

அவள் எழுந்திருக்கவில்லை. குழந்தை வழக்கம்போல என்னிடம் வருவதற்காக அவள் மடியிலிருந்து சறுக்கி இறங்கியது. நாலடி வைத்துவிட்டு, பாதியில் நின்று திரும்பியது.

"அம்மா, ஆண்ட்டியத் தொட்டா குளிக்கணுமா?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த காகிதத்தை இழுத்து, அந்த ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

"வியாதின்னா விட்டுடலாம்னு சொல்லிக் குடுத்தேள். விட்டுட்டேன்," என்றாள். "இது வியாதி இல்லேங்கறேள். அப்போ இத எப்படி விடறது டாக்டர்?"

மூடிய ஃபைலை மறுபடியும் திறந்தேன். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னேன்.