சூசை சாருக்கு வலித்தது

செம்பட்டியில் பேருந்து மாறுவதற்காக நின்றிருந்தபோது எங்கள் தேவாலயப் பங்கின் நாடகக் குழுச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "சார், நம்ம சூசை சார் போயிட்டாரு. விடியக்காலம், ஆஸ்பத்திரியில. கொஞ்சங்கூட வலி தெரியலையாம். சிரிச்ச முகமாப் போயிருக்காரு" என்றார். முதல் செய்தி உண்மை. மற்றது பொய் என்று எனக்கு உடனே தெரிந்தது, ஏனென்றால் முந்தைய நாள் மாலை அந்தக் கட்டிலருகே இருந்தவன் நான். திண்டுக்கல் பேருந்து வந்து நின்று கிளம்பியும் போனது. துக்கம் வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த பேருந்தில்தான் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேராசிரியர் சூசைமாணிக்கம் அவர்கள் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். எங்களைச் சேர்த்து வைத்தது பாஸ்கா. பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளைக் கோயில் மைதானத்தில் நாடகமாக நடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை அவர் இயக்கினார். நான் மேடைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன். என்னை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார், தான் ஏதோ வேறு தொழில் பார்த்தவர் போல.

அவர் வருவதற்கு முன்பெல்லாம் ஆணி அறையும் கட்டத்தில் திரை விழும். ஆண்டவர் வேடம் கட்டியவர் பின்பக்கம் வந்து டீ குடிப்பார். தோளில் கீல் வைத்த ஆண்டவரின் மரச் சுரூபத்தைச் சிலுவையில் ஏற்றுவோம். திரை விலகும், ஜனங்கள் அழுவார்கள். முதல் ஒத்திகையில் இதைப் பார்த்துவிட்டு சூசை சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆளை மாத்திட்டீங்களே வாத்தியாரே! ஆதித் திருச்சபைக் காலத்துல கொஞ்சப் பேரு இதையேதான் சொன்னாங்க. சிலுவையைச் சுமக்க வந்த சீமோனைப் பிடிச்சு அறைஞ்சுட்டாங்க, ஆண்டவர் ஓரமா நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தாருன்னு. நீங்க அதுக்கும் மேல போயி அவருக்கு டீயும் வாங்கிக் குடுக்குறீங்க."

அன்று மாலை டீக்கடை பெஞ்சில் அந்தப் பழைய சண்டையை முழுதாகச் சொன்னார். கடவுளுக்குப் பசிக்குமா, வியர்க்குமா, வலிக்குமா என்பதுதான் கேள்வி. அதெல்லாம் கடவுளுக்கு ஆகாது என்றவர்கள் இயேசுவின் உடம்பே வெறும் தோற்றம் என்றார்களாம். அவர் சாப்பிட்டார், ஆனால் சாப்பிட்டது மற்றவர்களுக்குப் போல வெளியேறவில்லை என்றுகூட ஒருவர் சொன்னாராம். எதிர்ப்பக்கம் ஓர் ஆயர், அதாவது பிஷப். காட்டு விலங்குகளுக்கு இரையாக்கச் சங்கிலியிட்டு ரோமுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆண்டவர் பட்டது வெறும் தோற்றமென்றால் நான் எதற்காகச் சாகப் போகிறேன் என்று அந்த ஆயர் கேட்டாராம்.

அந்தத் தோற்றக்காரர்களை நான் திட்டியபோது சூசை சார் தடுத்தார். "அவங்க கெட்டவங்க இல்ல வாத்தியாரே. மரியாதையிலதான் சொன்னாங்க. பிரியம் வச்ச ஆளு துடிச்சதை யாராலயும் தாங்க முடியாது. வலிக்கவே இல்லைன்னு சொல்லிட்டா நமக்கு நிம்மதி. ஆனா அவரை அங்க தனியா விட்டுட்டுல்ல வந்துடுறோம்?" இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

மறு ஆண்டு சுரூபம் அறையிலேயே இருந்தது. மனிதரையே ஏற்றினோம். பாதத்துக்கு ஒரு பலகை, மணிக்கட்டுக்கும் அக்குளுக்கும் தோல் வார். வார் தைத்துக் கொடுத்த தோல் கடை பாய் சூசை சாரின் பழைய நண்பர். "எங்க மார்க்கத்துல அவரைச் சிலுவையில அறையவே இல்லைங்க சார்" என்றார். "அப்புறம் ஏன் பாய் இம்புட்டு உறுதியாத் தைக்கிறீங்க?" என்று சார் கேட்டார். "தொங்கப் போறது உங்க வீட்டுப் பிள்ளைல்ல?" என்றார் பாய்.

வசனமும் மாறியது. சூசை சாரின் ஆண்டவர் இருமினார், தடுமாறினார், சிலுவையில் முனகினார். "சாமி மொனங்கலாமா?" என்று பங்கில் பெரிய சண்டையே நடந்தது. ஓரிரு ஆண்டுகளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பழகியது மட்டுமா, அந்த முனகலைக் கேட்கவே சிறுமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். நன்றாக முனகினால் கைதட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சாரிடம் சொன்னேன். அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

இந்த ஆண்டு வேடம் கட்ட வேண்டிய இளைஞருக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை. தானே ஏறுவதாக சார் சொன்னார். "முப்பத்து மூணு வயசு ஆண்டவருக்கு மூணு வேளையும் சுகர் மாத்திரையா சார்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவருடைய துணைவியார் பிலோமினா அக்காவைத் தவிர.

"ஒருத்தருக்கு வலிச்சதைக் காட்ட இன்னொருத்தருக்கு வலிக்கணுமாங்க?" என்று அக்கா கேட்டார்.

"செத்த நேரம் நிக்கத்தானே போறேன் பிலோமி. சாகவா போறேன்?" என்றார் சார்.

வேடம் கட்டுபவர் தவக்காலம் நாற்பது நாளும் ஒரு வேளை மட்டும் உண்டு, செருப்பில்லாமல் நடக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இது ஆகாது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அவரைக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். கோயில் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். தாடை வலிக்கிறது என்றார், சொத்தைப் பல் என்று தானே முடிவும் செய்துகொண்டார். ஓர் ஒத்திகையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தும் அவருடைய சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று அக்கா மன்றாடினார். "பெரிய வெள்ளி முடியட்டும்" என்றார் சார்.

பெரிய வெள்ளியன்று மதியத்திலிருந்தே ஓர் இலை அசையவில்லை. மாலையில் சிறுமலைப் பக்கம் மேகம் கறுத்து நின்றது, மழையும் பெய்யவில்லை. கருக்கலில் சிலுவையை நிமிர்த்தினோம். மைதானத்தில் எள் போட இடமில்லை. முதல் மூன்று வசனங்களையும் சார் கணீரென்று சொன்னார். நான்காவது வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு முனகல் வந்தது. ஒத்திகையில் கேட்டதைவிட நீளமாக, அடித் தொண்டையிலிருந்து வந்தது.

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. செல்போன்கள் உயர்ந்தன. "இன்னிக்குப் பின்னுறாரு சார்" என்று செயலாளர் என் காதில் சொன்னார். சார் வாந்தி எடுத்தார். "ஐயோ ஆண்டவரே!" என்று கீழே அழுகுரல் எழுந்தது. பிறகு "அம்மா" என்று கூப்பிட்டார், சின்னக் குரலில். அது வசனத்தில் இல்லை. அவரே சேர்த்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு அடுத்த வரிக்குத் தயாராக நின்றேன். அங்கிருந்த யாரும் வேறு விதமாக நினைக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமினா அக்கா எழுந்தார். "எறக்குங்க! அது நடிப்பு இல்ல, எறக்குங்க!" என்று கத்தினார். அதுவும் நாடகத்தில் சேர்ந்தது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்களே தவிர, ஒருவரும் வழி விடவில்லை. அவர்களைப் பிய்த்துக்கொண்டு அக்கா மேடையேறி சாரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, காலு ஜில்லுன்னு கெடக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்போதுதான் ஓடினோம். உடம்பு முழுப் பாரமும் தொங்கியதில் வார் இறுகி, கொக்கி அவிழவில்லை, கத்தியால் அறுத்தோம். சிலுவையிலிருந்து இறக்கும் காட்சி என்று எண்ணிக் கூட்டம் இரங்கல் பாட்டைத் தொடங்கிவிட்டது. ஆட்டோவில் ஏற்றும்வரை அந்தப் பாட்டு எங்கள் பின்னாலேயே வந்தது.

மாரடைப்பு என்றார்கள். சில நாட்கள் இருந்தார். கடைசி மாலை என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

"பயமா இருந்துச்சு வாத்தியாரே. வேதம், சரித்திரம், ஒண்ணும் ஞாபகத்துல வரல. யாராச்சும் எறக்கிவிட்டாப் போதும்னு இருந்துச்சு. அம்புட்டுப் பேரும் என்னையவேதான் பார்த்துக்கிட்டிருக்காங்க, ஒருத்தருக்கும் தெரியலையே" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, "அவருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும், பாவம்" என்றார்.

ஆண்டவரைப் பார்த்துப் "பாவம்" என்று ஒரு மனிதர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதற்கு மேல் அங்கே உட்கார முடியாமல் வெளியே வந்துவிட்டேன். இரவு முழுக்க அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடித்ததாகவும், விடியும்போது பிடி தளர்ந்ததாகவும் அக்கா பின்னர் சொன்னார்.

வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது, சிலுவையில் அவர் முகத்தைச் சுற்றி ஒளி தெரிந்ததாக ஒருவர் செல்போனில் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மேடை விளக்கு அது. வாந்தி எடுத்த பகுதியை வெட்டியிருந்தார்கள். அவருக்கு வலியே இல்லையாம், பரவசமாம். செயலாளர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னார். கெட்ட மனிதர் அல்லர். அழுதுகொண்டேதான் சொன்னார்.

ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டதில், வார் இறுகிய இடம் இரண்டு மணிக்கட்டிலும் கறுத்து விட்டிருந்தது. முதலில் ஒரு பெண் குனிந்து அந்தத் தடத்தில் செபமாலையைத் தொட்டு எடுத்தார். பிறகு வரிசை சேர்ந்துவிட்டது. தொட்டார்கள், முத்தமிட்டார்கள், குழந்தையின் நெற்றியை வைத்து எடுத்தார்கள்.

"அது வார் அறுத்த காயம்மா. ஊசி போட்டதால கறுத்திருக்கு. அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாரு" என்றார் பிலோமினா அக்கா.

"உனக்குத் தெரியாது தாயி" என்று சொல்லிவிட்டு ஒரு முதியவள் குனிந்து முத்தமிட்டாள்.

அக்கா சாரின் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டார். மற்றக் கைக்கும் போட்டார். பிறகு இரண்டு கைகளையும் தன் கைகளால் மூடிக்கொண்டு, பெட்டியை மூட வரும்வரை எடுக்கவே இல்லை. வரிசை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

சூசை சார், உங்களுக்கு வலித்தது. பயந்தீர்கள், அம்மாவைக் கூப்பிட்டீர்கள், இறக்கிவிட மாட்டார்களா என்று தவித்தீர்கள். இறக்க நேரமாக்கிவிட்டோம். போய் வாருங்கள்.