பெண்ணழைப்புக் காரின் இன்ஷூரன்ஸ்

எங்கள் கார் எதிலும் மோதியதே இல்லை என்பது தென்காசி முழுக்கத் தெரிந்த விஷயம். அது பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். ஓட்டிய என் வீட்டுக்காரர், நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்திய கொல்லர், பிறகு நான்.

அது வாடகைக் கார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது, மேலே துணிக்கூரை. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் ரயிலடியில் போய் நிற்பார். குற்றாலத்துக்குக் குளிக்க வரும் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் பிடித்திருக்கும் பங்களாவில் இறக்கிவிட்டு வருவார். மற்ற நாளில் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே வண்டி நிற்கும். சீசனில் வந்த வரும்படி டயருக்கும் பெட்ரோலுக்கும் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் உலை கொதித்தது கல்யாண வாடகையில்தான்.

கல்யாண வாடகை என்றால் பெண்ணழைப்பு. தாலி கட்டிய பெண் புகுந்த வீட்டுக்கு முதல்முதலாகப் போகிற சவாரி. மாட்டு வண்டியில் போன காலம் மாறி, வசதியுள்ளவர்கள் கார் வைத்து அழைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் எந்தக் காரிலும் ஏற்றிவிட மாட்டார்கள். ரத்தம் பார்த்த வண்டியா, எங்கேயாவது மோதிய வண்டியா என்று பெண் வீட்டார் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஏறிப் போன பெண் நல்லபடியாக வாழ மாட்டாள் என்று ஒரு பயம். ரயில் எத்தனை பேரை அடித்திருக்கிறது, அதில் ஏற மட்டும் யாருக்கும் யோசனை இல்லை. காருக்குத்தான் இத்தனை ஆசாரம்.

இந்தப் பயத்துக்கு என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த மருந்து இன்ஷூரன்ஸ். மதுரையில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனிக்குத் தென்காசியில் ஒரு ஏஜென்ட் இருந்தார். வருஷா வருஷம் பணம் கட்டினால், வண்டி அடிபடும்போது ரிப்பேர்ச் செலவைக் கம்பெனி கொடுக்கும். ஒரு வருஷம் முழுக்க எதுவும் கேட்காமல் இருந்துவிட்டால் அடுத்த வருஷம் கட்ட வேண்டியதில் ஒரு பங்கைத் தள்ளிவிடுவார்கள். தொடர்ந்து கேட்காமலே இருந்தால் தள்ளுபடி கூடிக்கொண்டே போகும். அதை போனஸ் என்பார்கள்.

எல்லாருக்கும் அது தள்ளுபடி. இவருக்கு அது நற்சாட்சிப் பத்திரம். போனஸ் போட்டு வந்த காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். கல்யாண வீட்டார் வாடகை பேச வந்தால் முதலில் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். இங்கிலீஷ் அவருக்கும் அரைகுறை, வந்தவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது.

“இந்த வண்டி ஒரு கோழியைக் கூடத் தொட்டதில்லைன்னு கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்திருக்கான், பாத்துக்கிடுங்க” என்பார். வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். வாடகை அங்கேயே முடிவாகிவிடும்.

அப்படி இருக்கையில்தான் மோதியது. ஒரு சாரல் நாள். குற்றாலத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிடப் போனவரோடு நானும் போய்க் குளித்துவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். ரோடு நனைந்து கிடந்தது. மேலகரத்துக்கு முன்னால் ஓர் எருமை சாவகாசமாகக் குறுக்கே வந்தது. எருமையைக் காப்பாற்ற வண்டியை ஒடித்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போய் வாய்க்கால் பாலத்துச் சுவரில் இடித்தது. பயத்தில் கதவை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்; வலது கை கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எருமை நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. வலியில் நான் கத்திக்கொண்டிருக்கிறேன், அவர் இறங்கி ரோட்டை முன்னும் பின்னும் பார்க்கிறார். யாரும் வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான் என் பக்கம் வந்தார்.

“ஏளா, ஒருத்தரும் பாக்கலை. அருவியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிரு. தை மாசம் வரைக்கும் வாடகை பேசியிருக்கு. வெளியே தெரிஞ்சா ஒருத்தன் நம்ம வண்டியில பொண்ணை ஏத்த மாட்டான்.”

அதில் பொய் இல்லை. தெரிந்தால் எங்கள் பாடு திண்டாட்டம்தான். கம்பெனியிடம் ரிப்பேர்ச் செலவைக் கேட்டால் போனஸ் போகும், சட்டம் போட்ட காகிதம் சுவரிலிருந்து இறங்கும். ஆகவே கேட்கவில்லை. என் கழுத்துச் சங்கிலி கொல்லருக்கும் பெயின்டுக்குமாகப் போயிற்று. எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடமும் அருவி என்றே சொன்னோம். கட்டு அவிழ்த்தபோது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது, அப்படியே நின்றுவிட்டது. வண்டியை நிமிர்த்திவிட்டார்கள்.

கை கோணியதைக் கூட நான் பொறுத்துக்கொண்டேன். அருவிதான் பொறுக்கவில்லை. நான் பிறந்தது குற்றாலத்தில். நடக்கப் பழகியதே அந்த ஈரப் பாறையில் என்று சொல்லலாம். எனக்குப் போய் வழுக்கி விழுந்தவள் என்று பெயர். அதன் பிறகு சீசனுக்குக் குளிக்கப் போனால் தெருப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “பாத்து வாக்கா, முன்னமே விழுந்தவ” என்று பாறையில் ஒவ்வோர் அடிக்கும் எச்சரிக்கை. வெளியூரிலிருந்து வந்த, அருவியையே பார்த்திராத பெண்களெல்லாம் எனக்குக் கால் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு நான் அருவிக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

வீட்டில் விருந்தாளிகளுக்கு ரசம் ஊற்றினால் கரண்டி கோணிக்கொண்டு இலைக்கு வெளியே சிந்தும். கையில் என்ன என்று கேட்பார்கள். அருவி என்பேன். கவனமாக இருக்க வேண்டாமா தாயி என்பார்கள். பக்கத்து இலையில் இவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். கல்யாணம் முடிந்து எத்தனையோ வருஷம் சண்டை போட்டிருக்கிறோம், இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். ஆள் இல்லாத நேரத்திலாவது ஒரு தடவை, “என்னாலதான் ஒடிஞ்சுது” என்று சொல்லியிருக்கலாம். அவரே அருவியை நம்ப ஆரம்பித்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் என்றார்கள். கொடுத்த கூப்பனில் வண்டி குற்றாலம் போனால் திரும்பி வராது. சிலர் பின்னால் கரி அடுப்பைப் பொருத்தி, பெட்ரோலுக்குப் பதில் அந்தக் கரி வாயுவில் ஓட்டினார்கள். “அடுப்பைக் கட்டிக்கிட்டு எவனாவது பொண்ணழைப்பானா?” என்று இவர் காரைக் கொட்டகைக்குள் விட்டு, நாலு மரக்கட்டை மேல் தூக்கி நிறுத்திவிட்டார். அவர் ரேஷன் கடையில் எடை போடும் வேலைக்குப் போனார். வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்குச் சூடம் காட்டுவார், புளியங்குடி எலுமிச்சம்பழம் வைப்பார், சக்கரங்களைக் கையால் சுற்றிவிடுவார். எனக்குத் தலைவலி என்றால் இத்தனை கவனிப்பு கிடையாது.

இன்ஷூரன்ஸுக்குப் பணம் கட்ட வேண்டிய சமயத்தில் ஏஜென்ட் வந்தார். இவர் மரக்கட்டை மாதிரி அசையாமல் உட்கார்ந்துகொண்டு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“கட்டை மேல நிக்குத வண்டி எங்க வே போயி மோதப் போகுது? நிக்குத வண்டிக்கு விபத்துப் பணம் கட்டுனா, விபத்தை நாமளே வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச மாதிரில்லா இருக்கு? யுத்தம் முடியட்டும், வாரும்.”

அன்றைக்கு அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வண்டி நிற்கிறது, போனஸும் அதோடு நிற்கும் என்று நினைத்துக்கொண்டோம். கெடாமல் கிடக்க, உப்புப் போட்டு வைத்த ஊறுகாயா அது?

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் காரை ரோட்டில் எடுக்கக்கூடாது என்று சட்டமும் வந்திருந்தது. ஏஜென்டுக்கு ஆள் அனுப்பினார். இவர் வெள்ளை வேட்டி கட்டி, கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதத்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏஜென்ட் வந்து அதைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“அண்ணாச்சி, இது இனிமே செல்லாது. இடையில இத்தனை வருசம் விட்டுப்போச்சுல்லா. போனஸ் எல்லாம் போச்சு. புதுசா கார் வாங்குனவன் மாதிரி முதல்லேருந்துதான் ஆரம்பிக்கணும்.”

“என்ன வே சொல்லுதீரு? நான் ஒரு சல்லி கேட்டிருப்பேனா? ஓட்டவே இல்லையே, பொறவு எப்படி வே தப்பு நடக்கும்?”

“ஓட்டலைன்னு கம்பெனிக்கு எப்படித் தெரியும்? வண்டியை நிறுத்தப் போறேன்னு அன்னைக்கே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா அப்படியே வச்சிருப்பாங்க. நான் சொல்ல வந்தேன். நீங்கதான் வெத்தலை பாக்கு கதை சொல்லி அனுப்பிச்சிய.”

இவர் கத்தினார். ஏஜென்டின் பரம்பரையையே இழுத்துப் பேசினார். கடைசியில் குரல் இறங்கிப்போய், “நேத்து லைசன்ஸ் வாங்குன பயலும் நானும் ஒண்ணா?” என்றார். அந்தக் காகிதம் இன்னும் மடியில் இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே சமயம் வயிறு எரிந்தது. என் சங்கிலி, என் கை, என் அருவி எல்லாம் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள்தான் போயிருந்தன. அது ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

ஏஜென்ட் சமாதானமாகப் புது விண்ணப்பத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நான் காப்பி கொண்டுவந்தேன். டம்ளரை நீட்டும்போது கை வழக்கம்போலக் கோணி, கொஞ்சம் தரையில் சிந்தியது. ஏஜென்ட் காலை நகர்த்திக்கொண்டு அடுத்த கேள்வியைப் படித்தார்.

“இதுக்கு முன்னாடி விபத்து ஏதாவது உண்டான்னு கேட்டிருக்கான். உங்களுக்கென்ன, இல்லைன்னு போட்டுருதேன்.”

இவர் தரையில் சிந்திய காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துடைக்கத் துணி எடுக்கக் குனிந்தேன்.

“உண்டு வே” என்றார்.

ஏஜென்ட் காகிதத்திலிருந்து பேனாவைத் தூக்கிவிட்டார். “என்ன அண்ணாச்சி விளையாடுதிய? இதை எழுதுனா கட்டணம் இன்னும் கூடும். ஊருக்குள்ளயும் பேச்சாயிரும். யாருக்குத் தெரியப் போகுது, இல்லைன்னே போடுவோம்.”

“எழுதும். மேலகரம் பாலத்துல மோதினேன். எம் பெண்டாட்டி கை ஒடிஞ்சுது. அந்தா நிக்கா, கையைப் பாரும்.”

ஏஜென்ட் என் கையைப் பார்த்தார். “மதினி அருவியில விழுந்ததால்லா சொன்னாங்க?” என்றார்.  நான் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அடுப்பங்கரையில் நின்று நன்றாக அழுதேன்.

ஏஜென்டின் வாய் சும்மா இருக்குமா? அந்த வாரமே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பேசி வைத்திருந்த பெண்ணழைப்பில் சில பேர் வேறு கார் பார்த்துக்கொண்டார்கள். ரேஷன் கடை எடை வேலையை அவர் உடனே விட முடியவில்லை. எனக்கும் அதில் கவலைதான், உலை வைக்க வேண்டியவள் நான் அல்லவா? ஆனாலும் அவர் ஏன் வாயைத் திறந்தார் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

அடுத்த சாரலில் அவராகவே, “ஏளா, கிளம்பு. குளிக்கப் போவோம்” என்றார். தெருப் பெண்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போனோம். அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் குளிக்கும் பக்கம் பாறையில் கால் வைத்தேன். வண்டி மோதிய கதை தெரிந்திருந்தும், எதிர்வீட்டுக்காரி பழைய வழக்கத்தில் என் முழங்கையைப் பிடித்தாள்.

“பாத்து வாக்கா, முன்னமே விழுந்த இடம்” என்றாள்.

பின்னால், துண்டோடு ஆண்கள் பக்கம் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நின்றார். தண்ணீர் இரைச்சலில் கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்.

“அவளை விடு தாயி! அவ ஒரு நாளும் விழுந்ததில்லை. நான்தான் வண்டியைக் கொண்டு மோதினேன்!”

குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி கையை எடுத்துவிட்டாள். நான் யாரையும் பிடிக்காமல் நடந்து போய் அருவிக்கு அடியில் நின்றேன்.