அலுமினிய ஜன்னலும் இரும்பு ஸ்க்ரூவும்

ஐந்தாவது வரைதான் படித்தேன். கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குடியிருக்கும் கல்மண்டபம் பகுதியில் கடற்காற்று எங்கள் இரும்பு ஜன்னலை அரித்துவிட்டது. துருப்பிடிக்காது, பெயிண்டும் வேண்டாம் என்று அலுமினிய ஜன்னல் வாங்கினேன். ஆளுக்குக் கூலி கொடுக்கக் கஞ்சப்பட்டு, கையிலிருந்த பழைய இரும்பு ஸ்க்ரூக்களைப் போட்டு நானே மாட்டினேன்.

"எவர்சில்வர் ஸ்க்ரூ போடு மாமு, உப்புக்காத்து இரும்ப தின்னுடும்" என்றார் பக்கத்து வீட்டு காதர் பாய்.

"ஜன்னலே துருப்புடிக்காது பாய், ஸ்க்ரூவுல இன்னா கீது?" என்றேன்.

மூன்றாவது மழைக்காலத்தில் ஸ்க்ரூக்கள் அரித்துப்போய், ஜன்னல் பெயர்ந்து, கீழே மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் தோளில் விழுந்தது. உயிர் தப்பியது.

"ஜன்னல் இன்னும் பளபளன்னுதான் கீது. நான்தான் துருப்புடிச்சிட்டேன்" என்றாள்.

இப்போது யார் ஜன்னல் மாட்டினாலும் முதலில் ஸ்க்ரூவை வாங்கிப் பார்க்கிறேன். அவளுக்குக் கை மேலே எழாததால், தினமும் நான்தான் தலை வாரிவிடுகிறேன்.

இன்றும் வாரிவிட்டு, இதை எழுதி முடித்த நாள்: காணும் பொங்கல்.