நானும் லைனில்தான் இருக்கிறேன்

போன ஞாயிறு காலை எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பஞ்சாயத்து. தெரு கிளப் செகரட்டரி தபன் நாலு பேரோடு வந்திருந்தார். வீட்டின் சொந்தக்காரி, எல்லாருக்கும் மாசிமா — பெரியம்மா மாதிரி — டீ போட்டுக் கொடுத்தாள்.

விஷயம் ஷெஃபாலி. கீழ் அறையில் குடியிருப்பவள். மாடி அறை எனக்கு.

"மாசிமா, இது குடும்பம் இருக்கிற இடம். இவ லைன்ல இருக்கிறவ. காலி பண்ணச் சொல்லுங்க" என்றார் தபன்.

ஷெஃபாலி தன் அறை வாசலில் நின்றாள். முன்பு இரண்டு இடத்தில் இப்படித்தான் கிளப்பிவிட்டார்களாம். பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். மூன்றாவது தடவை எங்கே போவாள்?

லைன் என்ற சொல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டும். இங்கே வங்காளத்தில் ஒரு பெண் 'லைனில் இறங்கிவிட்டாள்' என்றால் உடம்பை விற்கப் போய்விட்டாள் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாத காலம் ஒன்று இருந்தது.

என் புருஷன் தண்டவாள வேலையில் செத்தார். ரயில்வேயில் எனக்குக் கருணை அடிப்படையில் அதே வேலை. கருணை என்று பேர்... சம்மட்டி கனம்தான். முதல் நாள் ஜல்லி அள்ளிவிட்டு வந்து குழாயடியில் பெருமையாகச் சொன்னேன் — நான் லைனில் இறங்கிட்டேன்.

குடங்கள் அப்படியே நின்றன. அப்புறம் ஒருத்தி காதில் சொன்னாள்: "பௌதி, ரயில் லைன்னு சொல்லுங்க. வெறும் லைன்னு சொல்லாதீங்க." பௌதி என்றால் அண்ணி. அன்றிலிருந்து 'ரயில்' சேர்த்துத்தான் சொல்லி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சேர்க்கவில்லை.

"அப்ப நானும் காலி பண்ணணும்" என்றேன்.

"நீங்க எதுக்கு பௌதி?"

"நானும் லைன்லதானே இருக்கேன், தபன்."

சிரித்தார்கள். "அது ரயில் லைன் பௌதி."

"புருஷன் போனதும் இறங்கினேன். பிள்ளை சாப்பிடணும். இவளும் அதுக்குத்தான் இறங்கினா."

"ரெண்டும் ஒண்ணா? வித்தியாசம் இல்லையா?"

"இருக்கு. எனக்கு பென்ஷன் உண்டு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஷெஃபாலி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு.

"இவ போனா நானும் போறேன்" என்றேன். எனக்கு இரண்டு தடவை சொல்லிப் பழக்கமில்லை.

மாசிமா கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். "ரெண்டு பேரும் போயிட்டா ராத்திரி எனக்கு மூச்சு வாங்கினா யார் ஓடி வருவா? நீ வருவியா தபன்? டீ குடிச்சாச்சில்ல, கிளம்பு."

கிளம்பினார்கள்.

உடம்பை விற்கிறாள் என்று சொல்ல எவ்வளவு சுலபமாக வாய் வருகிறது... என் முதுகையும் முட்டியையும் தண்டவாளம் வாங்கிக்கொண்டது. அதற்கு யூனியன் மாலை போட்டது. அவள் பெற்றது மூன்று வீட்டு வாசலில் வசவு. நான் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்றால், பிள்ளைக்குச் சோறு போடுகிற அவளும் நடக்கலாம். என் கணக்கு அவ்வளவுதான்.

இப்போது யார் கேட்டாலும் 'லைனில் வேலை' என்றுதான் சொல்கிறேன். கேட்டவர் எந்த லைன் என்று யோசித்துக்கொள்ளட்டும் — எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.