காற்று சாய்க்காத மரம்

அந்தமான் வண்டூரில் மனையளந்து கொடுத்த பட்வாரி பக்கிரிசாமியிடம் சொன்னது இதுதான்: "மண்ணு உனக்கு, மரம் சர்க்காருக்கு."

பக்கிரிசாமிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மரம் வெட்டுவதற்கென்றே பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன், காட்டிலாகாவில் மஜ்தூர் என்கிற சம்பளத் தொழிலாளி. சர்க்கார் காட்டுகிற மரத்தை வெட்டுவான். காட்டாத மரத்தில் ஒரு கிளையை ஒடிக்க மாட்டான். வந்ததும், ருக்குவைக் கட்டிக்கொண்டதும், இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் எல்லாம் அந்த ஒழுங்கில்தான் நடந்தன.

அறுபத்தாறாம் வருஷம் மழைக்கு முன்னால், வீட்டுக்குப் பின்னாலிருந்த கர்ஜன் மரம் சாயத் தொடங்கியது. வேரோரம் மண் வாயைப் பிளந்திருந்தது. அது எங்கே விழும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ருக்கு பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு படுக்கிற மூலையில்.

வெட்ட உத்தரவு கேட்டு அர்ஜி கொடுத்தான். ஆபீஸில் போய் நின்றான். "பெரிய சாப் மெயின்லேண்டு போயிருக்கார், வரட்டும்" என்றார்கள். மறுபடி போனான், அதே பதில். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து மரத்தைப் பார்க்கப் போனான். இலை அசைந்தால் பிள்ளைகளை வாசலுக்கு விரட்டினான்.

வண்டூரில் இதற்கெல்லாம் ஒரு வழி இருந்தது. வேரில் தீ மூட்டிவிடுவார்கள். மரம் விழுந்ததும் "காத்துல சாய்ஞ்சது" என்பார்கள். காட்டைக் காவல் பார்க்கிற கார்டும் அப்படியே எழுதிக்கொள்வார். பக்கத்து வீட்டுத் தங்கையாவின் கதவும் நிலையும் அப்படி வந்தவைதான்.

"இதுக்கு என்ன இவ்வளவு யோசனை மாப்ளே? காத்து மேல போடு. காத்து என்ன கோர்ட்டுக்கா வரப்போவுது?" என்று சிரித்தான் தங்கையா.

பக்கிரிசாமி டவுனுக்குப் போய் அபர்தீன் பஜாரில் சொந்தக் காசில் ஒரு கோடாலி வாங்கினான். சர்க்கார் கோடாலி சுவரோரம் கிடந்தது, அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், கயிறு கட்டி, வீட்டில் படாமல் மரத்தைத் தள்ளினான். "இதுல ஒரு சிராய்கூட அடுப்புக்கு எடுக்காதே" என்று ருக்குவிடம் சொல்லிவைத்தான்.

மறுநாள் கார்டு சிவஞானம் வந்தார்.

"என்ன பக்கிரி, நேத்து பலமான காத்தோ?"

"காத்தே இல்லைங்க. நான்தான் வெட்டினேன்."

"ஏம்ப்பா, நான் கேட்டது காதுல விழலையா? காத்துதானே?"

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் ருக்கு உள்ளிருந்து. "நாக்கு தேஞ்சா போயிடும்?"

"மரம் உங்களுது, எடுத்துட்டுப் போங்க. நான் திருடலை. திருடினவன்தான் காத்தைக் கூப்பிடணும்."

விசாரணைக்கு வந்த அதிகாரி கெட்டவர் அல்ல.

"உத்தரவில்லாம வெட்டினதை ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன் சாப்."

"தப்பு பண்ணிட்டேன்னு சொல்லு. வார்னிங்கோட விட்டுடறேன். வேலை போகாது."

பக்கிரிசாமி வாயைத் திறந்தான். பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள், மாதச் சம்பளம் நினைவுக்கு வந்தது. அந்த மரம் நாளைக்கே திரும்ப எழுந்து சாய்ந்து நின்றாலும் வெட்டத்தான் செய்வான். அப்புறம் எப்படிச் சொல்வது?

"மீறினது நெசம் சாப். தப்புன்னு சொல்ல வாய் வரலை."

"இத்தனை வருஷம் சர்க்கார் சோத்தைத் தின்னுட்டு?"

"அதுக்கு வேலை செஞ்சேனே சாப்."

வேலை போயிற்று. அதை அவன் எதிர்பார்த்தே இருந்தான். அடுத்து நடந்ததை எதிர்பார்க்கவில்லை. விஷயம் ஆபீஸ் வரை போய்விட்டதால், வண்டூரில் காற்று சாய்த்த மரங்களையெல்லாம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தங்கையாவின் கதவை நிலையோடு பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள்.

தங்கையா வாசலில் சாக்குத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது பக்கிரிசாமி போய் நின்றான்.

"உன் பேரை நான் எடுக்கவே இல்லை மாப்ளே."

"நீ உன் பேரைச் சொன்னியே, அது பத்தாதா? நீ யோக்கியனா இருக்கணும்னா என் வீடு திறந்து கிடக்கணுமா?"

"நான் கதவு போட்டுத் தரேன்."

"எந்த மரத்துல? சொல்லு, எந்த மரத்துல போடுவே?"

தங்கையா சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

காலையில் பக்கிரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டித் துறையில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள்; கூலியைச் சேர்த்தால் தங்கையா கதவுக்கு மர மில்லில் ரசீதோடு பலகை வாங்கலாம்.

"நம்ம வீட்டு அரிசிக்கு?" என்றாள் ருக்கு.

"அதுக்கும்தான்" என்றான். எதற்கு முதலில் என்று அவள் கேட்பதற்குள் படியிறங்கி நடந்தான்.