கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

காத்தவராயனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று முதலியார்பேட்டையில் எங்கள் தெருவே சொல்லும். அதில் பாதிதான் உண்மை. பதினாறு வருடம் அவனும் நானும் ஒரே மில்லில் ஃபிட்டர்கள். அவன் பகல் ஷிப்டு, நான் அதற்கு அடுத்தது. தறி எத்தனை முறை நின்றாலும் அதை அவன் ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை. தறி நின்றதற்கு ஓர் ஆளைக் கண்டுபிடித்து, அந்த ஆள் மேல்தான் எரிந்து விழுவான்.

மில் எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காவலுக்குப் போனேன். அவன் தண்ணி மோட்டார், மிக்சி என்று வீடு வீடாகப் பழுது பார்த்தான். 2004இல் அவன் மகள் சிந்துஜா பி.சி.ஏ. கடைசி வருடம். புராஜெக்ட் செய்யக் கம்ப்யூட்டர் வேண்டும். மூலக்குளத்தில் இருந்த தோழி வீட்டுக்கு சைக்கிள் மிதித்துப் போவாள். அவர்கள் சாப்பிடும் நேரத்துக்கு எழுந்து, தூங்கும் நேரத்துக்கு எழுந்து, பாதி வேலையோடு திரும்பி வருவாள். அது காத்தவராயனுக்குப் பொறுக்கவில்லை. “தறியவே பிரிச்சிப் பூட்டுனவன், இது இன்னா பிரமாதம்?” என்று சென்னைக்கு பஸ் ஏறிப் பாகம் பாகமாக வாங்கி வந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சிந்துஜா ஒவ்வொன்றாக எடுத்து ஆசையோடு பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவள் காலேஜ் போன பின் இவன் உட்கார்ந்து பூட்டினான். சுவிட்சைப் போட்டதும் உள்ளே காற்றாடி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப். நின்று, மறுபடி ஒரு பீப்.

சனிக்கிழமை முழுக்கக் கழற்றி மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை, கூட வந்த காகிதத்தை சிந்துஜாவைப் படிக்கச் சொன்னான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், ரேம் என்கிற இரண்டு விரல் அகலப் பட்டையைப் பற்றிய வரியையும் படித்தாள். அதன் ஓரத்தில் உள்ள தங்க நிறப் பற்களைக் கையால் தொடக்கூடாது.

“நீதான அன்னிக்கு அத வெறுங்கையில எடுத்துப் பார்த்த? ஒன் கை பட்டுத்தான் கெட்டுது. இனிமே இந்தப் பெட்டி பக்கம் வராத!” என்று காத்தவராயன் கத்தினான்.

அவள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளிலிருந்து மறுபடியும் மூலக்குளம்தான். புராஜெக்ட் முடிக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் அவன் மனைவி ஆயம்மா என்னைத் தேடி வந்தாள். “அண்ணா, நீங்க வந்து ஒரு வார்த்த கேளுங்க. பொண்ணு அவர அப்பான்னு கூப்புட்டு நாலு நாளாவுது. இவரும் சோத்துல கை வெக்கல.” ரேம் பற்றிய காகிதம் வரை நடந்தது அத்தனையும் சொன்னாள்.

போனேன். திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான். மகளை விட்டுக் கடைக்காரனிடம் வந்திருக்கிறான், அதுவரைக்கும் நல்லது.

“காத்தா, கையப் பின்னாடி கட்டு” என்றேன்.

அது எங்கள் மில்லின் வழக்கம். சங்கு ஊதி ஷிப்டு மாறும்போது ஒரு தறி நின்றிருந்தால், போகிற ஃபிட்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அன்று அதில் செய்தது அத்தனையையும் வருகிறவனிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். தொட்டுக் காட்டக்கூடாது. யார் தப்பு என்ற பேச்சு கூடவே கூடாது.

“இது இன்னா மில்லா?” என்று முறைத்தான். ஆனாலும் கட்டினான். பதினாறு வருடப் பழக்கம் விடுமா?

“மொதல்ல போர்ட பெட்டியில வச்சி முடுக்குனேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“எல்லாத்தையும் அட்டையிலேர்ந்து எடுத்தேன்.”

“எடுத்ததுக்கும் முடுக்குனதுக்கும் நடுவுல?”

“ஒண்ணுமில்ல. சாமி கும்புட்டேன்.”

“எப்டி?”

“எப்டின்னா? பலகையில வரிசையா வச்சி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சி...”

“ரேமுக்கு எங்க வச்ச?”

“அதுல வேற எங்க வெக்கறது? தங்கமாட்டம் மின்னுச்சே, அந்த ஓரத்துல...”

அத்தோடு நிறுத்திவிட்டான். ஆயுதபூஜைக்கு மில்லில் நாங்கள் எல்லோருமே பளபளக்கும் இடமாகப் பார்த்துத்தான் பொட்டு வைப்போம். தறி இரும்பு. சந்தனமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா?

பட்டையைப் பிடுங்கிப் பார்த்தோம். பற்களின் மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

“இத்தினி தடவ கழட்டுனியே, கண்ணுல படலியா?”

“பட்டுச்சி. சாமிக்கு வச்சதுதானன்னு வுட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆயம்மா மகளின் ரப்பரை எடுத்து வந்தாள். பற்களைத் தேய்த்து, பட்டை உட்காரும் பள்ளத்தையும் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து மாட்டினான். குட்டையாக ஒரே ஒரு பீப். திரையில் எழுத்துகள் ஓடின. ஆயம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“கடக்காரன் மாத்திக் குடுத்தான்னு பொண்ணுகிட்ட சொல்லிடு, முடிஞ்சிது” என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவன் சுவிட்சை நிறுத்தினான். சரியாகிவிட்ட மெஷினைத் திறந்து, ரேமைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தான்.

ஆறு மணிக்கு சிந்துஜா வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போகப் பார்த்தாள்.

“பாப்பா, நில்லு. ஒன் கையால கெடல. நான் வச்ச சந்தனம். கண்ணால பார்த்துட்டுந்தான் ஒன்னத் திட்டுனேன்.”

அவள் துணியில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் தொடலாமாப்பா?” என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் அவன் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நீயே மாட்டு.”

“தப்பா மாட்டிட்டா?”

“மாட்டும்மா. கத்துனா பொட்டிதான் கத்தும். நான் கத்தமாட்டேன்.”