சரோஜா அக்காளின் கூச்சம்

எந்த வீட்டு அடுப்பில் தேங்காய் எண்ணெயில் பூண்டு பொரிந்தாலும் எனக்கு சரோஜா அக்காளின் காது ஞாபகம் வந்துவிடும். அக்காளுக்குப் பத்து வயதிருக்கும்போது வந்த ஒரு காய்ச்சல், போகிறபோது இரண்டு காதிலும் சீழை விட்டுப் போனது. தோட்டத்து ஆஸ்பத்திரி ‘டிரசர்’ ஏதோ சொட்டு மருந்து கொடுத்தார். அம்மா அதோடு விடாமல் படுக்கும் நேரத்தில் பூண்டு எண்ணெயை இளஞ்சூட்டில் விட்டு வந்தாள். சீழ் நின்றது, எல்லாம் ஆகிவிட்டது என்று இருந்துவிட்டார்கள். ஒரே பாயில் படுத்த எனக்குத்தான் அந்த வாடை தலையணையில் ரொம்ப நாள் இருந்தது.

எழுபதுகளில் சித்தியவானுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். காய்ச்சலுக்குப் பிறகு அக்காளின் பேச்சு குறைந்தது. யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், எதிரே வந்து நின்று பேசினால் அவர்கள் வாயைப் பார்ப்பாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அதைப் பார்த்துத்தான் எங்கள் வரிசை வீட்டு லயத்தில் அவளுக்கு அந்தச் சொல்லை வைத்தார்கள். ‘கூச்சம்.’

அகராதியில் அதற்கு என்ன பொருள் போட்டிருக்கிறதோ எனக்குத் தெரியாது, ஆறாவதோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எங்கள் லயத்தில் அது எப்படிப் புழங்கியது என்று மட்டும் தெரியும். ‘வெக்கம்’ என்பது தப்பு செய்தவர்களுக்கு, அதுவும் முக்கால்வாசி ‘வெக்கங்கெட்டவ’ என்று திட்டும்போதுதான் வரும். பையன் கூச்சப்பட்டால் கேலி. பெண் கூச்சப்பட்டால் அது நகை போட்ட மாதிரி. எனக்கு அந்த நகை கிடைக்கவில்லை, என் பெயர் ‘வாயாடி’. மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் சீனக் கிழவர்கூட எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, “அக்கா மாலு-லா, தங்கச்சி வாய் ரொம்ப-லா!” என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு மீனைக் குறைத்துப் போடுகிற மாதிரி பாவனை செய்வார். மலாய்க்காரர்களுக்கும் கூச்சம் என்றால் அதே ‘மாலு’தான். யாரைக் கேட்டாலும் அவளுக்கு ஒரே பட்டம்.

புளியங்காய் தின்று பல் கூசினால் எதைடி தின்றாய் என்று கேட்பார்கள். வெயிலில் கண் கூசினால் நிழலுக்கு வா என்பார்கள். அக்காள் கூசுகிறாள் என்று ஊரே சொன்னபோது, எதனால் என்று ஒருவர் கேட்கவில்லை.

பதினாறு வயதில் அக்காள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். விடியுமுன் இருட்டில் பக்கத்து நிரைப் பெண்கள் பயம் தெரியாமல் இருக்க ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே வெட்டுவார்கள், அக்காளிடமிருந்து மட்டும் பதில் வராது. மழை வரும் என்றால், “பால எடுங்கடி, மழை வருது!” என்று காடே கத்தும். அக்காள் முதுகில் துளி விழுந்த பிறகுதான் ஓடுவாள், அதற்குள் மரத்தில் கட்டிய மங்குகளில் பாதிப் பால் தண்ணீராகியிருக்கும். “ஒரு ‘ஓ’ போடக்கூடவா கூச்சம்? ஆம்பளைங்க காதுல விழுந்தா தூக்கிட்டா போயிடுவானுங்க?” என்று சிரிப்பார்கள். அம்மா பெருமையாக அதை வந்து வீட்டில் சொல்லுவாள்.

ஆயர் தாவாரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “பேரு என்னம்மா?” என்றாள். அக்காள் அப்போது காப்பித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை கேட்டாள். அக்காள் நிமிர்ந்து, அந்த வாய் மூடிவிட்டதைப் பார்த்து, குனிந்து சிரித்தாள். மாப்பிள்ளையின் மாமா தொடையில் தட்டினார்: “இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா! எங்க வூட்டுதுங்க டிவில கட்டிப்புடிச்சா விசிலடிக்குதுங்க, மச்சான்!” அப்பா, “என் மூத்தவ தலை நிமிந்து பேசி நானே பாத்ததில்ல” என்றார். அந்தப் பேச்சிலேயே கல்யாணம் முடிவாயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது சில மாதப் பிள்ளையாக இருந்தபோது, ஒருநாள் மாமியார் வேலை முடிந்து வருகிறாள், ரோட்டிலேயே குழந்தை கத்துவது கேட்கிறது. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. உள்ளே அக்காள் அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். மாமியார் கூப்பிட்டுப் பார்த்தாள், கை தட்டிப் பார்த்தாள், கடைசியில் பித்தளைத் தட்டை எடுத்து அவள் பின்னால் சிமெண்டுத் தரையில் போட்டாள். அக்காள் கல் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் அக்காளைக் கொண்டுவந்து விட்டார்கள், பிள்ளை இல்லாமல். “கூச்சம் கூச்சம்னு சொல்லி ஒரு செவிடிய தள்ளி விட்டுட்டீங்களே, அண்ணே. புள்ள அழுவுறது கேக்காதவகிட்ட புள்ளைய எப்படி விடுறது?” என்றாள் மாமியார். பிறகு அக்காளைக் கூட்டிக்கொண்டு அப்பா ஆயர் தாவாருக்குப் போனபோதெல்லாம், பிள்ளையை ஜன்னலில் காட்டினார்கள், கையில் கொடுக்கவில்லை. அப்புறம் அவர்கள் எங்கோ மாறிப் போய்விட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று அக்காளின் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டேன். “எல்லாரும் நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க. காது கேக்கலன்னு சொன்னா அப்புறம் என்னன்னு சொல்லுவாங்க?” என்றாள், லயம் முழுக்கக் கேட்கிற சத்தத்தில்.

அக்காளும் என்னோடு வருவாள் என்பதற்கு ஒத்துக்கொண்டவரைத்தான் கட்டினேன், வாயாடி என்ற பெயருக்கு அந்த ஒரு லாபம். ஈப்போவில் காட்டிய டாக்டர், சின்ன வயதில் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பருக்குப் பதில் செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை, எங்களைப் பார்த்துச் சிரித்த பெண்களும் இல்லை. என் பேத்திகள் ‘ஷை’ என்கிறார்கள். அந்தப் பழைய சொல் போனதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவள் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறவளாம், நாற்பதைத் தாண்டியவள், அக்காளின் அதே நெற்றி. அக்காள் அப்போது இரும்புக் கதவுக்கு முதுகு காட்டித் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவள் “அம்மா” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி “அம்மா” என்றாள். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் அவள் திரும்பிப் போகக் காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

நான் உன் சின்னம்மா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “பரவாயில்ல, சின்னம்மா. எனக்குத் தெரியும். உங்கம்மாவுக்கு ரொம்ப கூச்சம், அதான் உன்னைப் பாக்க வர்றதில்லன்னு சொல்லித்தான் அப்பாயி என்னை வளத்தாங்க” என்றாள். அதற்குள் அக்காள் திரும்பிவிட்டாள். புது ஆளைப் பார்த்ததும் எப்போதும் போலத் தலையைக் குனிந்து சிரித்தாள்.

எல்லாவற்றையும் இருவருக்கும் சொன்னேன். அக்காள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு மகளைத் தொட்டுப் பார்த்தாள். தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனவள் வரவில்லை. போன் எடுத்தால், வேலை அதிகம் என்கிறாள்.

அக்காள் இப்போது துணி காயப் போடுவதில்லை, அதை நான் செய்கிறேன். விடிந்ததும் ஒரு நாற்காலியை எடுத்து வந்து இரும்புக் கதவைப் பார்த்துப் போட்டு உட்காருகிறாள். சாப்பிடக் கூட்டிவரப் போனால், அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள்.